கேளுங்க டீச்சர்: வேலியில வந்து குந்தின பொன் சிறகு

போன மாச இதழ்ல கினிகத்தேனை வாசகி ஒருத்தங்க அனுப்பின ஃபோன் படத்தைப் போட்டிருந்தோம், பாத்திருப்பீங்க. வேலியோரம் உண்ணிச்செடிப் பூவுல ஒரு பெரிய வண்ணாத்திப்பூச்சி, முன் சிறகு ரெண்டும் கன்னங்கரேல்னு, பின் சிறகு ரெண்டும் பொன் மஞ்சள். படத்துக்குக் கீழ நான் எழுதினது ரெண்டே வரி. அதுக்கு வந்த கடிதத்தையும் வாய்ஸ் மெசேஜையும் பாத்து நானே ஆடிப்போயிட்டேன், சம்பளப் பிரச்சினையைப் பத்தி எழுதினப்பகூட இவ்வளவு வரல. அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க வண்ணாத்திப்பூச்சிதான். சேமலாப நிதி பத்திக் கேட்ட பொகவந்தலாவை ஐயா கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த மாசம்.

டீச்சர், படம் அனுப்பினது நான்தான். எங்க வீட்டுக்காரர் அது வௌவால்னு சொல்றார், மாமியார் குருவின்னு சொல்றாங்க. நீங்க ரெண்டு வரியில முடிச்சிட்டீங்க. முழுசாச் சொல்லுங்களேன்.
வாசகி, கினிகத்தேனை

உங்க மாமியார்தான் கிட்ட வந்திருக்காங்க. இங்கிலிஸ்ல இதுக்குப் பேரே பேர்ட்விங், குருவி இறக்கைன்னு அர்த்தம், சிங்களத்துல குருலு பியபத்னு சொல்றதும் அதேதான். பறக்கிறதைப் பாத்தவங்களுக்கு ஏன்னு விளங்கும். மத்த வண்ணாத்திப்பூச்சி மாதிரி காத்துல கடதாசித் துண்டு போறாப்போல தடுமாறாது, நாலு தரம் சிறகை அடிச்சிட்டு அப்பிடியே விரிச்சபடி வழுக்கிக்கிட்டுப் போகும், பலா மர உச்சியைத் தாண்டிப் போறப்ப கீழ நிக்கிறவங்க கண்ணுக்குக் குருவியேதான். இலங்கையில உள்ள வண்ணாத்திப்பூச்சியில ஆகப் பெருசு இதுதான், நம்ம நாட்டுல 240 வகைக்கு மேல இருக்கு, அத்தனையிலயும் பெருசு. சிறகை விரிச்சா 15 சென்டிமீட்டரைத் தாண்டும், கிட்டத்தட்ட ஒரு சாண். விஞ்ஞானப் பேர் ட்ரொய்டெஸ் டார்சியஸ். இலங்கையைத் தவிர உலகத்துல வேற எந்தக் காட்டுலயும் கிடையாது, நம்ம தேசிய வண்ணத்துப்பூச்சியும் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில இதோட சொந்தக்காரி ஒருத்தி இருக்கா, ட்ரொய்டெஸ் மினோஸ்னு, அவளைக் கர்நாடகாக்காரங்க அவங்க மாநிலத்தோட வண்ணாத்திப்பூச்சியா வச்சிருக்காங்க. தமிழ்நாட்டுல 2019ல தமிழ் மறவன்னு வேற ஒண்ணைத் தெரிவு செஞ்சாங்க, அது ஆரஞ்சு நிறத்துல சின்னது, பேர் மட்டும்தான் பெருசு.

இப்ப உங்க படத்துக்கு வருவோம். அதைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசாக்கிப் பாத்தேன். பின் சிறகு மஞ்சளுக்குள்ள கறுப்புப் பொட்டு வரிசையா வச்சாப்போல இருக்கு, அப்ப அது பொம்பளை. ஆணுக்கு அந்தப் பொட்டு வரிசை இருக்காது, மஞ்சள் சுத்தமா இருக்கும். ஆளும் ஆணை விட பெண்தான் பெருசு, கறுப்பும் கொஞ்சம் மங்கி கோப்பித்தூள் நிறத்துக்குப் போகும். கழுத்துக்கிட்ட சிவப்பா ஒரு மயிர்ப் பட்டி தெரியுதே, அதை நிறையப் பேர் கவனிக்கிறதில்லை. இன்னொண்ணு, முன் சிறகு மட்டும் கலங்கி விழுந்திருக்கு, "கை ஆடிப்போச்சு டீச்சர் மன்னிச்சிக்கோங்க"ன்னு எழுதியிருந்தீங்க. கை ஆடல. கை ஆடியிருந்தா பூவும் கலங்கியிருக்கும். இந்தச் சாதி பூவுல குந்தித் தேன் குடிக்கிறப்பவும் முன் சிறகை அடிச்சுக்கிட்டேதான் இருக்கும், பாரத்தை முழுசாப் பூ மேல இறக்காது. உங்க படத்துல ஆகத் திறமான விஷயமே அந்தக் கலங்கல்தான்.

வௌவால்னு சொன்ன வீட்டுக்காரருக்கு ஒரு தேத்தண்ணி கூடக் குடுங்க, பாவம்.

நாங்க பூக்கன்று போட்டு விக்கிறவங்க. தோட்டம் நிறையப் பூதான், ஆனா அந்த மஞ்சள் பூச்சி ஒண்ணைக்கூட இதுவரைக்கும் கண்டதில்லை. எங்க ஊர் மேல அதுக்கு என்ன கோவம்?
வாசகர், நுவரெலியா

கோவமில்லை ஐயா, குளிர். உங்க டவுன் 1,868 மீட்டர் உசரத்துல இருக்கு, ஜனவரியில புல்லு மேல உறைபனி விழுகிற இடம். வண்ணாத்திப்பூச்சி உடம்புக்குச் சொந்தமாச் சூடு கிடையாது, காலையில வெயில்ல சிறகை விரிச்சுக் காய்ஞ்சு, நெஞ்சுச் சதை சூடேறினாத்தான் கிளம்ப ஏலும். உங்க ஊர்ல காலையில பத்து மணிக்கும் மூடுபனின்னா அது எங்க காயும்? அதோட பூ இருந்தா மட்டும் போதாது, பூ அதுக்குச் சாப்பாட்டுக் கடை மட்டும்தான், குடும்பம் நடத்த ஒரு கொடி வேணும், அந்தக் கொடி உங்க குளிருக்கு ஏறாது. கொடியைப் பத்திக் கீழ கம்பளைத் தம்பிக்கு எழுதியிருக்கேன், பாருங்க.

ஆனா நீங்க ஒண்ணும் குறைஞ்சு போகல. கறுப்பா, வெளிறின நீலக் கோடு கோடா ஒண்ணு அவசரமே இல்லாம உங்க பூக்கன்று மேல மிதந்துக்கிட்டுத் திரியும், கண்டிருப்பீங்க. அது இலங்கை டைகர், அதுவும் இந்த நாட்டுல மட்டும், அதுவும் மலைநாட்டுல மட்டும் உள்ளது, கினிகத்தேனைக்காரங்க அதைப் பாக்கணும்னா உங்க பக்கம் ஏறி வரணும். செங்கல் சிவப்புப் பட்டி போட்ட ரெட் அட்மிரலும் உங்களுக்குத்தான் கூட வரும், அதோட புழு தின்னுறது தொட்டா அரிக்குமே காஞ்சோண்டி, அதை. வேலிக்கு வெளிய ஒரு மூலையில காஞ்சோண்டியைக் கொஞ்சம் விட்டு வைங்க, ஆக்கள் நடக்காத மூலையா.

டீச்சர், எங்க பின் வேலியில ஒரு கொடி. அதுல கறுஞ்சிவப்பா, உடம்பு பூரா சதை முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு, நடுவுல வெள்ளைப் பட்டி போட்ட தடிச்ச புழு. பொண்டாட்டி பயந்து மண்ணெண்ணெய் ஊத்தினதுல ரெண்டு செத்துப்போச்சு. பிறகுதான் ஒரு பொடியன் சொன்னான், அது நீங்க போட்ட படத்துல உள்ள பூச்சியோட புழுன்னு. உண்மையா? மனசு சரியில்ல.
வாசகர், கம்பளை

உண்மைதான் தம்பி. மனசு சரியில்லாமப் போக வேண்டியது உங்களுக்கு மட்டுமில்ல, என் கதையைக் கேளுங்க. நான் படிப்பிச்ச ஒரு பள்ளிக்கூடத்துல சிரமதானம் வச்சோம், பின்பக்க வேலியில படர்ந்திருந்த கொடியெல்லாம் பிள்ளைகளை விட்டுப் பிடுங்கச் சொன்னது நான், விஞ்ஞான டீச்சர்! குவிச்சு நெருப்பும் வச்சாச்சு. பத்து வயசுப் பொடியன் ஒருத்தன் ஓடிவந்து "டீச்சர் இலை மாதிரி ஒண்ணு மூச்சு விடுது"ன்னு கையை நீட்டினான். பாத்தா கூட்டுப்புழு. காஞ்சு சுருண்ட இலை ஒண்ணு கம்புல தொங்குறாப்போல, இடுப்புல நூல் கட்டினபடி. விரல் பட்டதும் உள்ளுக்குள்ள இருந்து உஸ்ஸ்னு ஒரு சத்தம், பாம்பு சீறுற மாதிரி. பேர்ட்விங் கூட்டுக்குள்ள இருக்கிறப்ப தொட்டா அப்பிடித்தான் மிரட்டும். அந்தக் குவியல்ல எத்தனை போச்சோ.

அந்த ஒண்ணைக் கம்போட எடுத்துட்டு வந்து எங்க வீட்டு இஸ்தோப்புல, உடுப்புக் காயப்போடுற கம்பியில கட்டி வச்சேன். பதினோராவது நாள் காலையில தேத்தண்ணிக் கோப்பையோட வெளிய வாறேன், கூடு மேல்பக்கம் வெடிச்சு ஆள் வெளிய வந்து தொங்குது. சிறகுன்னு சொல்ல ஒண்ணுமில்ல, நனைஞ்ச துணியைப் பிழிஞ்சு வச்சாப்போல ரெண்டு முடிச்சு. வயித்தைச் சுருக்கிச் சுருக்கி உள்ள இருக்கிற தண்ணியைச் சிறகு நரம்புக்குள்ள ஏத்துது, கண்ணு முன்னால முடிச்சு அவிழுது, முதல்ல மஞ்சள்தான் தெரிஞ்சிச்சு. வாய்க்குழல் ரெண்டு நூலாப் பிரிஞ்சுதான் வரும், அதைச் சுருட்டி நீட்டி, சுருட்டி நீட்டி ஒண்ணா ஒட்டிக்கிச்சு, ஒட்டலன்னா அது வாழ்நாள் முழுக்க தேன் குடிக்க ஏலாது. பிறகு பின்பக்கமா ஒரு அழுக்குத் தண்ணி, என் தோய்ச்ச சீலையில. சிறகு காய மூணு மணித்தியாலம் போல போச்சு, நான் அன்னைக்குப் பஸ்ஸை விட்டுட்டேன். பத்தரைக்கு ஒரு தடவை சிறகை விரிச்சு மடக்கிப் பாத்துச்சு, அடுத்த தடவை இல்ல, பக்கத்து லயத்துப் பலா மரத்துக்கு மேல.

சரி, உங்க வேலிக்கு வருவோம். அந்தக் கொடி ஈஸ்வரமூலியாத்தான் இருக்கணும், சிங்களத்துல சப்சந்த. தாய்ப் பூச்சி பறந்து வந்து இலையை முன்காலால தட்டித் தட்டிப் பாக்கும், வண்ணாத்திப்பூச்சிக்கு ருசி தெரியிறது கால்ல, சரியான இலைதான்னு உறுதியானா ஒரு முட்டை வைக்கும். ஒரே ஒண்ணு. பிறகு அடுத்த இலை, இல்லாட்டி அடுத்த வேலி. ஒரே இடத்துல குவிச்சு வச்சா புழுக்கள் ஒண்ணையொண்ணு தின்னவும் தயங்காது, அது தாய்க்குத் தெரியும்னு வச்சுக்குவோம். ஒரு கிழமை போல போனா மஞ்சள் முட்டை வெடிச்சுக் குட்டிப்புழு வரும், முதல் சாப்பாடே முட்டை ஓடு. பிறகு மூணு நாலு கிழமை தின்னுறதுதான் வேலை, நாலு தரம் சட்டை கழட்டும், கடைசிச் சட்டையில வாறப்ப உங்க பொண்டாட்டி பயந்த சைஸ். அந்தக் கட்டத்துல இலை போதாம தண்டையும் கடிச்சுப் போடும், "கொடியே போச்சு"ன்னு பதற வேணாம், வேர் இருந்தா திரும்பத் துளிர்க்கும். கூட்டுக்குள்ள ஏறக்குறைய மூணு கிழமை. எறும்பு, குளவின்னு வழியில ஆயிரம் திருடன், வச்ச முட்டை எல்லாம் சிறகு முளைக்கிறதில்லை.

அந்தச் சதை முள்ளு குத்தாது, அரிக்காது. சீண்டினா தலைக்குப் பின்னால இருந்து ஆரஞ்சு நிறத்துல கவட்டைக் கம்பு மாதிரி ஒண்ணை வெளிய தள்ளும், நாறும், அவ்வளவுதான் அதால ஏலும். ஆனா உடம்புக்குள்ள விஷம் இருக்கு, ஈஸ்வரமூலியில உள்ள நஞ்சைத் தின்னு சேத்து வச்சிருக்கு, சிறகு முளைச்ச பிறகும் அது போகாது. ஒரு தடவை வாயில போட்டுத் துப்பின குருவி அந்தக் கறுப்பு மஞ்சளை மறக்காது, அதனாலதான் பட்டப்பகல்ல அவ்வளவு ஆறுதலாப் பறக்குது.

ஒண்ணு கவனிங்க, புழு சின்னதா, ஆரஞ்சு முள்ளு முள்ளா, எண்ணிக்கையும் கூடவா இருந்தா அது ரோஸ் வகை வண்ணாத்திப்பூச்சியா இருக்கலாம், உடம்பு சிவப்பா சிறகு கறுப்பா வருமே, அதுக்கும் இதே கொடிதான். பொண்டாட்டிய ஏசாதீங்க. புல்லு மருந்து அடிக்க ஆள் வந்தா மட்டும் அந்த வேலியைக் காட்டி நிப்பாட்டச் சொல்லுங்க. கிளைபோசேட்ங்கிற புல்லு மருந்தை 2015ல தடை பண்ணினாங்க, 2018ல தேயிலைக்கும் றப்பருக்கும் திரும்ப விட்டாங்க, அடிக்கிறவர் மலை ஓரத்தோட நிக்கிறதில்லை, வேலியையும் சேத்துத்தான் நனைக்கிறார். மண்ணெண்ணெயில செத்தது ரெண்டு, மருந்துல கொடியே போயிரும், பிறகு வாற தாய் கால்ல தட்டிப் பாக்க இலை இருக்காது.

ஈஸ்வரமூலின்னு சொல்றீங்க. எங்க தாத்தா அதைப் பாம்புக்கடிக்கு அரைச்சுக் குடுப்பார். இப்ப அந்தக் கொடி விஷம்னு சொன்னா எப்பிடி? பழைய ஆக்களுக்குத் தெரியாததா?
வாசகர், பசறை

தாத்தாவைக் குறை சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போக லொறி பாத்து நின்ன காலம் அது, கையில கிடைச்சதைக் குடுத்தாங்க. ஆனா இதை நான் வழவழன்னு சொல்ல மாட்டேன், கேட்டுக்கோங்க, அந்தக் கொடியை அரைச்சும் குடிக்காதீங்க அவிச்சும் குடிக்காதீங்க. அதுல உள்ள நஞ்சுக்கு அரிஸ்டோலோகிக் அமிலம்னு பேர், சிறுநீரகத்தைத் தின்னும், புற்றுநோயும் வர வைக்கும். 1990கள்ல பெல்ஜியத்துல மெலியிறதுக்குன்னு மூலிகைக் குளிசை எடுத்த பொம்பளைங்க நிறையப் பேருக்கு சிறுநீரகம் போயிருச்சு, தேடிப்பாத்தா குளிசையில கலந்திருந்தது இந்தக் குடும்பத்துக் கொடி ஒண்ணு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இதைப் புகையிலை இருக்கிற அதே முதல் வரிசையில வச்சிருக்கு.

அதுக்கு மேல, தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்களைக் கடிக்கிறது பெரும்பாலும் அந்த மூக்குத் தூக்கின குட்டை விரியன்தான், சிங்களத்துல குணகட்டுவா. அது கடிச்சா சில பேருக்குச் சிறுநீரகம்தான் பாதிக்கும். ஏற்கனவே அடி வாங்கின சிறுநீரகத்துக்கு மேல இந்தக் கொடிச் சாறையும் ஊத்தினா என்ன ஆகும்னு யோசிங்க. கடிபட்டா காலை ஆட்டாம வச்சு நேரா ஆஸ்பத்திரி. கொடி வேலியில இருக்கட்டும், அதைத் தின்னப் பிறந்தது புழு.

அந்தக் கொடியை நாங்களும் வளக்க ஆசை. நேர்சரியில கேட்டா தாரா மாதிரிப் பெரிய பூ பூக்கிற கொடி ஒண்ணைக் காட்டி இதுவும் அதே குடும்பம்தான், வண்ணத்துப்பூச்சி வரும்னு சொல்றாங்க. வாங்கலாமா?
வாசகி, பண்டாரவளை

வாங்காதீங்க தங்கச்சி. குடும்பம் அதேதான், அதுதான் கரைச்சலே. தென் அமெரிக்காவுல இருந்து வந்த அழகுக் கொடிகள் அது, பூ பெருசா, புள்ளி புள்ளியா, கிட்டப் போனா கொஞ்சம் கெட்ட வாடை. ஆஸ்திரேலியாவுல நடந்ததைச் சொல்றேன். அங்க ரிச்மண்ட் பேர்ட்விங்னு ஒண்ணு இருக்கு, நம்ம பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். வீட்டுத் தோட்டங்கள்ல இந்த மாதிரி அழகுக் கொடியை நட்டாங்க, தாய்ப் பூச்சி வந்து கால்ல தட்டிப் பாத்து, ருசி சரிதானேன்னு ஏமாந்து முட்டை வச்சிச்சு, புழு வெளிய வந்து ரெண்டு கடி கடிச்சதும் செத்துச்சு. வருஷக்கணக்கா இப்பிடி. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேத்துக்கிட்டு அந்தக் கொடியைப் பிடுங்கி, நாட்டுக் கொடியை நட்டுத்தான் கொஞ்சம் மீட்டெடுத்தாங்க.

அதனால நாட்டு ஈஸ்வரமூலிதான் வேணும், இலை நீளமா, பூ சின்னதா ஊதுகுழல் மாதிரி இளம் பச்சையும் கறுஞ்சிவப்புமா இருக்கும், காய் காய்ஞ்சு வெடிச்சா தலைகீழாத் தொங்குற குட்டிக் கூடை போல. அந்தக் காயைக் கண்டா விதை எடுத்துப் போடுங்க. சின்னப்பிள்ளை, ஆடு மாடு வாய் வைக்காத இடமாப் பாத்து நடுங்க. நட்ட அடுத்த மாசம் பூச்சி வரும்னு எதிர்பாக்காதீங்க, பக்கத்துல காடோ பழைய மரத்தோப்போ இருந்தாத்தான் வழிதவறியாவது ஒருத்தி வருவா. அதுவரைக்கும் உண்ணிச்செடிப் பூவை வச்சு மத்தவங்களுக்கு விருந்து போடுங்க.

எங்க தேசிக்காய்க் கன்றுல குருவி எச்சம் மாதிரிப் புழு. அதுவும் இதுதானா? மருந்தடிக்கவா?
வாசகர், வெலிமடை

இது வேற. குருவி எச்சமா இருந்து பிறகு பச்சையா மாறினா மோர்மன் வகை, இல்லாட்டி தேசி வண்ணாத்திப்பூச்சி. யோகம் இருந்தா நீல மோர்மனா வரும், கறுப்புச் சிறகுல வானத்து நீலத்தைப் பிளேட்டுக் கணக்குல கொட்டினாப்போல, பெரிசுல நம்ம பேர்ட்விங்குக்கு அடுத்த இடம் அதுக்குத்தான். இந்தியாவுல மகாராஷ்டிராக்காரங்க 2015ல அதை அவங்க மாநிலத்தோட வண்ணாத்திப்பூச்சியாக்கினாங்க. கன்று இடுப்பளவுக்கு மேலன்னா ரெண்டு மூணு புழுவால சாகாது, விடுங்க. சின்னக் கன்றுன்னா புழுவை எடுத்துப் பெரிய மரத்துல விடுங்க, தேசி, தோடை, நாரத்தை எதுன்னாலும் சரி. கொய்யா இலையில விடாதீங்க, வகுப்புக்குக் காட்ட எடுத்துட்டுப் போய் நான் ஒரு தடவை அப்பிடிச் செஞ்சு பட்டினி போட்டுச் சாகடிச்சிருக்கேன்.

வண்ணாத்திப்பூச்சித் தூள் கண்ணுல பட்டா கண் குருடாகுமா? அம்மாச்சி அப்பிடித்தான் சொல்றாங்க.
எட்டாம் வகுப்பு மாணவி, ராகலை

குருடாகாது பிள்ளை. அது தூளே இல்ல, செதில். லயத்துக் கூரையில தகரத்தை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி அடிச்சிருக்கிறாங்கல்ல, அப்பிடி ஆயிரக்கணக்குல அடுக்கினது, ஒவ்வொரு செதிலுக்கும் ஒரே நிறம், சேந்துதான் படம். கண்ணுல பட்டா உறுத்தும், தண்ணியில கழுவு. ஆனா அம்மாச்சி சொன்னதுல ஒரு லாபம் இருக்கு, பயந்து போய்ப் பிடிக்காம விட்டீங்க. விரல்ல ஒட்டின செதில் திரும்ப முளைக்காது, பூச்சிக்கு ரெண்டாவது கூரை கிடையாது.

பெப்ரவரி, மார்ச்ல மஞ்சளும் வெள்ளையுமாக் கூட்டம் கூட்டமாப் போகுதே, எல்லாம் சிவனொளிபாத மலையில போய் முட்டிச் செத்துப்போகும்னு சொல்றாங்க. பேர்ட்விங்கும் போகுமா?
வாசகர், மஸ்கெலியா

உங்க வீட்டு முத்தத்துல நிண்டாலே மலை தெரியும், என்கிட்டக் கேக்கிறீங்க! சிங்களத்துல வண்ணாத்திப்பூச்சிக்குச் சமனலயா, மலைக்குச் சமனல கந்த. சமன் தெய்வத்தோட மலைங்கிறதும் அந்தப் பேருக்குள்ள இருக்கு, பூச்சிகளும் பாதத்தைக் கும்பிடப் போகுதுன்னு பழைய ஆக்கள் சொல்றது அப்பிடி வந்ததுதான். மலையடி நல்லதண்ணியில யாத்திரை சீசன் டிசம்பர் பௌர்ணமிப் போயாவுக்குத் தொடங்கி மே மாச வெசாக் போயாவோட முடியும், இந்தப் பூச்சிக் கூட்டமும் பெரும்பாலும் அதுக்குள்ளதான் விழும், அப்ப ஏறுற சனத்துக்கு அது கூட வாற யாத்திரையாத் தெரியுறதுல ஒரு பிழையும் இல்ல.

கூட்டமாப் போறது எமிகிரன்ட், அல்பட்ரோஸ் மாதிரி மஞ்சள், வெள்ளை வகைகள். மழை மாறுற காலத்துல இலை கிடைக்கிற பக்கம் தேடி ஊர் மாறுதுகள், எல்லாக் கூட்டமும் மலையைப் பாத்துத்தான் போகுதுன்னு இல்ல, வேற திசையில போறதும் உண்டு. மலை 2,243 மீட்டர், உச்சியில ராக்காத்தும் குளிரும் எப்பிடின்னு ஏறினவங்களுக்குத் தெரியும், அதுல மாட்டினது விடிய படியில விறைச்சுக் கிடக்கும், அதைப் பாத்துத்தான் முட்டிச் சாகுதுன்னு கதை. விறைச்சதெல்லாம் செத்ததில்ல, அதையும் சொல்லணும். ஒரு தடவை இறங்கி வாறப்ப படியில கிடந்த மஞ்சளை எடுத்துக் கை ரெண்டையும் குவிச்சு வச்சுக்கிட்டு வந்தேன், வெயில் பட்ட இடத்துல விரிச்சா கொஞ்ச நேரத்துல கிளம்பிருச்சு. பேர்ட்விங் இந்தக் கூட்டத்துல சேராது, அது வீட்டோட இருக்கிற ஆள்.

எங்க பக்கம் ஒருத்தர் பேர்ட்விங் செத்ததோ உசிரோ கொண்டு வந்தா காசு தாறேன்னு, கண்ணாடிச் சட்டத்துல போட்டு வெளிநாட்டுக்காரருக்கு விக்கிறதாச் சொல்றார். செத்துக் கிடந்ததை எடுத்தா குத்தமா?
பேர் வேணாம், எல்ல

பேர் போடாதது நல்லதுதான் தம்பி. நம்ம நாட்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ல வந்தது, யானைக்கும் சிறுத்தைக்கும் மட்டும்னு நினைச்சுக்காதீங்க, பூச்சியும் அதுக்குள்ள இருக்கு. உலக அளவுல, அழியிற ஆபத்துல உள்ள உசிரினங்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துல பேர்ட்விங் வகை ரெண்டாவது பட்டியல்ல, அனுமதிப் பத்திரம் இல்லாம நாட்டை விட்டுக் கொண்டு போக ஏலாது, செத்ததா உசிரோடதா, கண்ணாடிச் சட்டத்துல போட்டதா போடாததான்னு வித்தியாசம் இல்ல. 2024ல யால காட்டுல பூச்சி பிடிச்சுப் போத்தல்ல போட்டுக் கொண்டு போகப் பாத்த இத்தாலிக்காரங்க ரெண்டு பேருக்குக் கோர்ட்ல 6 கோடி ரூபா தண்டம் அடிச்சாங்க, அதுல வண்ணாத்திப்பூச்சியும் இருந்துச்சு. அவங்களுக்கு வக்கீல் வைக்கக் காசு இருந்துச்சு. உங்க பக்கத்து ஆள் உங்களுக்குக் குடுக்கப்போறது எவ்வளவு? மாட்டினா முதல்ல மாட்டுறது பிடிச்சுக் குடுத்த கைதான், வாங்கினவர் ஃபோன் நம்பரை மாத்திட்டுப் போயிருவார்.

எல்லவுக்கு வாற வெளிநாட்டுக்காரர் ஒம்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்க ரயில் வரும்வரை ரெண்டு மணித்தியாலம் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. வண்ணாத்திப்பூச்சி வாற இடத்தைக் காட்டக் கூட்டிப்போங்க, உசிரோட பறக்கிறதைக் காட்டினதுக்குக் காசு வாங்கினா ஒருத்தரும் பிடிக்க மாட்டாங்க.

டீச்சர், வண்ணாத்திப்பூச்சி நித்திரை கொள்ளுமா? எங்க கொள்ளும்? கண்ணை மூடுமா?
நாலாம் வகுப்பு மாணவன், டிக்கோயா

கொள்ளும் கண்ணா. ஆனா கண்ணை மூடாது, மூடுறதுக்கு இமையே இல்லையே. பொழுது சாயுறப்ப இலைக்கு அடியில, இல்லாட்டி கம்புல போய்த் தொங்கிக்கும், பெரும்பாலானது சிறகை மேல கூட்டி மடக்கிக்கும், அடிப்பக்கம் காஞ்ச இலை நிறமா இருக்கிற பூச்சியெல்லாம் அப்ப கண்ணுலயே படாது. அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஆறரை மணி போல டோர்ச் எடுத்துட்டுப் போ, வேலியோர இலையைக் கீழ இருந்து மேல பாக்கணும், மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. கையால இலையைத் தூக்காதே, அதுல பச்சைப்பாம்பும் நித்திரை கொள்ளும். எத்தனை கண்டேன்னு எழுதி அனுப்பு. உன் போன கடிதம் மைப் பேனையில எழுதி மழையில நனைஞ்சு பாதி என்னால வாசிக்க ஏலாமப் போச்சு, இந்தத் தடவை பென்சில்ல எழுது.